செட்டிநாட்டு வீடு பார்க்க வேன் வருது, தெருவுல வியாபாரம் இல்லை. என்ன செய்யலாம்?

கீழவீதி:
காரைக்குடிப் பக்கம் பேரூராட்சி. மார்கழி, தையில தினம் ஏழெட்டு வேன் வருது. வளவுல (வீட்டு நடு முற்றம்) நின்னு போட்டோ எடுத்துட்டு, முக்கால் மணி நேரத்துல பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிடறாங்க. டீ கூட குடிக்கறதில்லை. கடைக்காரங்க 14 பேர் ஆளுக்கு 5,000 போட்டு 70,000 வெச்சிருக்கோம். ஊர் முகப்புல ஒரு வளைவு, தெருச் சுவர் பூரா ஒரே நிறத்துல பெயிண்ட், இதுதான் இப்போதைக்கு யோசனை. சரியா வருமா?

அடுப்படி:
வளைவைப் பார்த்து யாரும் வண்டியை நிறுத்த மாட்டாங்க. சுத்தமான கழிப்பறை இருந்தா நிறுத்துவாங்க. முதல் செலவு அதுக்கு.

அடுத்து, வீட்டைவிட்டு வெளிய வர்ற வாசலுக்கு எதிர்ல ஒரே ஒரு பண்டம், சூடா. வெள்ளைப் பணியாரம் போதும். டம்ளர் நிறையப் பச்சரிசி, அதுக்கு மேலேயே கோபுரமா நிக்கிற அளவு உளுந்து. ரெண்டு மணி நேரம் ஊறினா போதும். வெண்ணெய் மாதிரி ஆட்டி, புளிக்க விடாம உடனே ஊத்தணும், ஒரு தடவைக்கு ஒரு கரண்டிதான். உளுந்து கூடினா எண்ணெய் குடிக்கும், குறைஞ்சா தட்டையா விறைச்சுக்கும். மாவு காத்திருந்தாலும் எண்ணெய் குடிக்கும், அதனால காலையிலயே மொத்தமா ஆட்டி வெக்காதீங்க. வண்டி வர்ற நேரம் பார்த்து ரெண்டு மூணு தவணையா ஆட்டுங்க. தொட்டுக்க வரமிளகாய்த் துவையல்.

கையில கொண்டுபோக மனகோலம், அதாவது வெல்லப்பாகுல புரட்டின முறுக்குத் துண்டு. வெல்லப்பாகைத் தண்ணியில விட்டு உருட்டி, தட்டுல போட்டா ‘டங்’னு கேக்கணும். அதுக்கு முன்னாடி இறக்கினா பாக்கெட்டுக்குள்ள நமுத்துப்போகும். தேங்காய்ப் பல்லை நெய்யில சிவக்க வறுக்காம சேர்த்தா சிக்கு வாடை வந்துடும். கந்தரப்பத்தை (வெல்லம் போட்ட பணியாரம்) பாக்கெட் போட நினைக்காதீங்க, அது அன்னன்னைக்குத் தின்கிற பண்டம். பாக்கெட்ல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், எடை, தயாரிச்ச தேதி, என்னென்ன சேர்ந்திருக்குங்கிற விவரம், பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கணும்.

ஓலைக் கொட்டான்ல (பனையோலைக் கூடை) வெச்சுக் குடுத்தா அழகு. ஆனா அது சாயம் போட்ட ஓலை. பண்டத்தை நேரா கொட்டாதீங்க, உள்ள வெண்ணெய்த்தாள் விரிங்க.

பட்டறை:
ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ ஓடு) செய்வதைக் கண்முன் காட்டினால் முக்கால் மணி நேரம் ஒன்றேகால் ஆகும். கண்ணாடித் துண்டைச் சட்டத்துக்குள் வைத்து, தகர அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். பார்க்க வந்தவர் கை நடுங்குவது அங்கேதான். கோணலாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி ஈரம் இழுக்க விட்டு, மேலே ஈரச் சாந்து போட்டு அழுத்திச் சமன் செய்வது.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. கல்லைச் சில நாள் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி, காயவைத்து, கண்ணாடியிலிருந்து பிரித்த பிறகுதான் கையில் தர முடியும். அவசரப்பட்டுப் பச்சையாகக் கொடுத்தால் வழியிலேயே விளிம்பு உதிரும். எனவே அவர் ஊற்றியதைப் பின்னால் கூரியரில் அனுப்புங்கள். கையோடு கொடுக்க முன்பே பதமான கற்கள் இருக்கட்டும். 8 அங்குலக் கல் ஏறக்குறைய இரண்டு கிலோ, விமானத்தில் போகிறவர் தொட மாட்டார். 4 அங்குலம் என்றால் அரைக் கிலோவுக்குள், குடிநீர்த் தம்ளர் வைக்கும் தட்டாக விற்கலாம். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று ஒரு சீட்டும் வையுங்கள். ஆசிட் சிமெண்டை அரித்துப் பளபளப்பைத் தின்றுவிடும்; பழி நமக்கு வரும்.

மூணாங்கட்டு:
பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பழைய சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரியும், பூச்சையும் சேர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு அடியுங்கள், செலவும் குறைவு.

திண்ணையில் கடை போடுவதற்கு முன் பங்காளிகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்கு இருக்கும். காவல்காரர் தலையாட்டியது சம்மதம் ஆகாது.

பலகையில் ‘உலகப் பாரம்பரியச் சின்னம்’ என்று எழுதிவிடாதீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோ பரிசீலனைக்கு வைக்கும் உத்தேசப் பட்டியலில்தான் ஏறின. காரைக்குடிப் பக்கம் நெய்யும் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு (ஜிஐ) கிடைத்தது. அந்தப் பெயரோடு விற்பவர் பதிவுபெற்ற பயனாளராக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஜிஐ-3 படிவம், 2020 திருத்தத்துக்குப் பின் கட்டணம் 500-லிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது. பதிவகம் சென்னை கிண்டியில்.

இன்னொன்று. வேன்களை மட்டும் நம்பாதீர்கள், சித்திரை வெயிலில் அது நின்றுவிடும். வெளியூரிலிருக்கும் ஊர்ப்புள்ளிகள் (இந்த ஊர் நகரத்தார் குடும்பங்கள்) கல்யாணத்துக்கும், திருக்கார்த்திகையிலிருந்து 21-ம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கும் ஊருக்கு வருவார்கள். சீர்ப் பலகாரம், கொட்டான், பந்தல், சமையல் எல்லாம் இன்று பெரும்பாலும் காரைக்குடியில் வாங்கப்படுகிறது. ஒரு மாதம் முன்பே விலைப்பட்டியலை அவர்களுக்கு அனுப்புங்கள். வீடு நகரத்தாருடையது, அதாவது செட்டியார்களுடையது என்றாலும் பலகாரம் சுடும் கையும் கல் ஊற்றும் கையும் மற்றவர்களுடையவை. பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

கீழவீதி:
வளைவைக் கைவிட்டாச்சு. கழிப்பறையைப் பார்த்துக்கிற ஆளுக்குச் சம்பளம் எப்படி அண்ணே? தலைக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் தேறாது போலிருக்கே.

அடுப்படி:
காசு வாங்காதீங்க. சாவியைப் பணியாரக் கடையில தொங்க விடுங்க. கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஒரு தட்டு வாங்குவாங்க. அந்த லாபத்துலேர்ந்து சம்பளம். தண்ணித் தொட்டி மட்டும் கடைக்காரர் கண்ணுல படற மாதிரி வையுங்க. காலியானா உடனே தெரியணும்.