சிலோனா, ஸ்ரீலங்காவா: பழைய தாள்காசை எந்தப் பிரிவில் போடுவது?

கிளிநொச்சி_கரன்:
அப்பப்பா சேர்த்து வைத்த தாள்காசுகளை ஈபேயில் போடுகிறோம். கணக்கு கனடாவில் இருக்கிற மச்சானுடையது. படம் எடுத்து விபரம் எழுதுவது நான். தாள்காசு உலகம், அதற்குள் ஆசியா, அதற்குள் நாடு என்று பிரிவுகள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படம் போட்ட 1951 ஆம் ஆண்டுப் 10 ரூபா சிலோன்தான், அதில் சண்டை இல்லை. மீன் போட்ட 1979 ஆம் ஆண்டு 2 ரூபாவில்தான் மச்சானோடு முட்டிக்கொண்டேன். நாடு 1972 மே 22 இலேயே ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. தாளில் ஆங்கிலத்தில் இன்னும் 'சென்ட்ரல் பாங்க் ஒஃப் சிலோன்' என்றே இருக்கிறது. எதில் போடுவது?

வவுனியா_பிக்பித்தன்:
சிலோனில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசை வெளியிடுவது வங்கி. அந்த வங்கி 1985 இல்தான் பெயரை மாற்றியது. அதுவரை அச்சான ஒவ்வொரு தாளும் சிலோன் தாள். தாளில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் பிரிவு. விற்கிறவர் தன் இஷ்டத்துக்கு நாட்டை மாற்றி எழுதுவதால்தான் இந்தத் தளங்கள் எல்லாம் சந்தைக்கடை மாதிரிக் கிடக்கின்றன.

மாங்குளத்தான்:
அது சந்தைதானே அண்ணை, நூலகம் இல்லையே. வாங்குகிறவன் எப்படித் தேடுவான் என்று பாருங்கோ. பிரிவை அமத்தி, நாட்டை அமத்தி, பிறகு விலை வரிசையில் பார்ப்பான். ஒரே நாட்டின் காசு இரண்டு இடத்தில் கிடந்தால் பாதிப் பேர் மற்றப் பாதியைக் காணவே மாட்டார்கள். இன்றைய நாட்டின் பெயரில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆண்டையும் வங்கியின் பெயரையும் விபரத்தில் எழுதினால் போதும்.

இன்னொரு கூத்தும் உண்டு. விபரப் பகுதியில் 'உற்பத்தி நாடு' என்று ஒரு கட்டம் வரும். 1951 தாளை அச்சடித்தது இங்கிலாந்தின் பிராட்பரி வில்கின்சன் கம்பனி. அதைத் தெரிந்துவைத்திருக்கிற புத்திசாலி ஒருவர் அங்கே 'ஐக்கிய இராச்சியம்' என்று நிரப்புகிறார். பிறகு ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று முறைப்பாடு. அச்சில் இருப்பதெல்லாம் பிரிவு என்றால் அவர் செய்ததும் சரிதான்.

வவுனியா_பிக்பித்தன்:
அச்சகத்தையும் வெளியிட்டவரையும் போட்டுக் குழப்பாதேயும் தம்பி. நான் சொல்வது வெளியிட்டவரின் பெயர்.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
சரி, வெளியிட்டவரின் பெயரையே பிடிப்போம். எங்கள் ஆட்களில் மலாயாவில் வேலை செய்துவிட்டு வந்த குடும்பங்களில் இன்னும் கிடக்கும், வாழைமரம் போட்ட 10 டொலர், ஜப்பான்காரன் அடித்தது. அதை எடுத்துப் பாரும். மலாயா என்று எங்கேயும் இல்லை. 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுத்துத் தொடரில் முதலாவதாக ஒரு எம் இருக்கிறது. அந்த எம்தான் மலாயா. பர்மாவுக்கு B, பிலிப்பைன்சுக்கு P என்று வேறு வேறு ஆங்கில எழுத்து. உம்முடைய விதிப்படி இதெல்லாம் ஜப்பான் பிரிவுக்குப் போக வேண்டும். போடுவீரா?

வவுனியா_பிக்பித்தன்:
போடமாட்டேன். அது ஆக்கிரமிப்புக் காசு, அதற்கு விதி வேறு. எந்த மண்ணில் செல்லுபடியாக அடித்தார்களோ அந்த மண்ணின் கீழ் வரும்.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
நல்லது. இந்திய ரிசர்வ் வங்கி 1959 இல் வளைகுடாவுக்கென்றே தனியாக ரூபாத் தாள் அடித்தது. குவைத், பஹ்ரைன், கட்டார் பக்கம் ஓடிய காசு, இந்தியாவுக்குள் செல்லாது. மண்தான் கணக்கென்றால் அது மத்திய கிழக்கு. ஈபேயில் மத்திய கிழக்கும் ஆசியாவும் வேறு வேறு பிரிவு. ஆனால் நீர் கும்பிடுகிற அல்பேர்ட் பிக்கின் உலகத் தாள்காசுப் பட்டியலில் அது இந்தியாவுக்குள் இருக்கிறது. கரனின் 2 ரூபாவையும் அதில் பாரும், ஸ்ரீலங்காவின் கீழ் 83 ஆம் எண். சிலோன் வங்கி அடித்த தாள்தான், இருந்தும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

வவுனியா_பிக்பித்தன்:
பட்டியலில் பிழை இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறேன் சேர். ஆனால் எண்ணை விடமாட்டேன். உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவனும் 83 என்றால் எந்தத் தாள் என்று உடனே அறிவான். பிரிவு எங்கே இருந்தாலும் எண் காப்பாற்றும். எண் எழுதாமல் 'மிக அரிது, பழைய காசு' என்று கூவுகிறவர்களைத்தான் முதலில் தளத்தால் தூக்க வேண்டும்.

முல்லை_கடலோரம்:
நாடு, எண் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2009 மே 20 திகதி போட்ட ஆயிரம் ரூபாவை என்ன செய்கிறீர்கள்? முன்னுக்குக் கை உயர்த்திய மகிந்த ராஜபக்ச, பின்னுக்குக் கொடி ஏற்றும் படையினர். விற்கிறவர்கள் எல்லோரும் 'நினைவு வெளியீடு' என்று தலைப்பில் போட்டுவிட்டு, சுதந்திரத்தின் 50 ஆம் ஆண்டுக்கு 1998 இல் வந்த 200 ரூபாப் பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து வைக்கிறார்கள். முல்லைத்தீவில் இருந்துகொண்டு அந்தத் தலைப்பை நான் தட்டச்சு செய்யமாட்டேன். ஆயிரம் ரூபா, 2009, இலங்கை. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

மாங்குளத்தான்:
அக்கா, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் வழக்கமான ஆயிரம் ரூபாவிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லை. வெளியிட்ட வங்கியே அதை அப்படித்தான் வெளியிட்டது. சேர்க்கிறவனுக்கு அது ஒரு வகை, அவ்வளவுதான். ஹிட்லர் காலத்துக் காசையும் வகைப்படுத்தித்தானே விற்கிறார்கள்?

முல்லை_கடலோரம்:
காலத்தையும் ஆட்சியையும் சொல்லித்தான் விற்கிறார்கள், கொண்டாட்டம் என்று சொல்லி இல்லை. 'போர் முடிவு வெளியீடு' என்று போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. படத்தைப் பார்த்தாலே எந்தத் தாள் என்று தெரிகிறது, பிரித்துக் காட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்?

இதையும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இடம்பெயரும்போது தகரப் பேணியில் போட்டுப் புதைத்துவிட்டுப் போன காசுகள் உண்டு. திரும்பி வந்து தோண்டி எடுத்த 50 ரூபா ஒன்று என்னிடம் இருக்கிறது. பேணி மூடியின் கறள் வளையமாகப் பிடித்து, ஓரத்தைக் கறையான் அரித்து, நடு மடிப்பு கண்ணாடி மாதிரி மெலிந்து போயிருக்கிறது. தளத்தில் அதற்குக் கிடைக்கிற ஒரே இடம் 'மோசமான நிலை'. மண்ணுக்குள் கிடந்ததும் சாப்பாட்டுக் கடை மேசையில் எண்ணெய் பட்டதும் அங்கே ஒன்றுதான்.

வவுனியா_பிக்பித்தன்:
தரம் என்பது தாளின் நிலை மட்டும்தான் தங்கச்சி. 70 புள்ளி அளவுகோலில் கண்ணீருக்கு இடமில்லை. கதையை விலைக்குள் விட்டால் நாளைக்கு ஒவ்வொருவனும் பேணிக்கு ஈர மண் பூசிக்கொண்டு வருவான்.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
அதில் பித்தன் சொல்வது நியாயம். கதையை விபரத்தில் எழுதலாம், தரத்தை உயர்த்திப் போடக்கூடாது. ஆனால் நினைவு வெளியீடு விஷயத்தில் நான் தங்கச்சி பக்கம். வங்கி வைத்த பெயரை விற்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிளிநொச்சி_கரன்:
என் 2 ரூபா எங்கேயோ தொலைந்துபோனது போல இருக்கிறது!

மாங்குளத்தான்:
ஸ்ரீலங்கா பிரிவில் போடும். தலைப்புக்கு 80 எழுத்து இடம் தருகிறார்கள். அதில் சிலோன், ஸ்ரீலங்கா, 2 ரூபா, 1979, பிக் 83 எல்லாம் அடங்கும். எந்தப் பெயரில் தேடினாலும் அகப்படும்.

வவுனியா_பிக்பித்தன்:
எண்ணைச் சேர்த்ததற்கு நன்றி. பிரிவு இன்னும் பிழைதான்.

கிளிநொச்சி_கரன்:
சரி, மச்சானிடம் சொல்கிறேன். இன்னொன்று. 1942 ஆம் ஆண்டுச் சின்னத் தாள் ஒன்று, 2 சதம் என்று இருக்கிறது, ஒரு பக்கம் கிழிந்த மாதிரி. இதைச் சேதமான 5 சதம் என்று போடச் சொல்கிறான்.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
பொறும், பொறும். யுத்த காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு அடித்தது அது. 5 சதத் தாளின் நடுவில் தபால்தலை மாதிரித் துளைவரிசை போட்டு, தேவைப்பட்டால் 2 சதமும் 3 சதமுமாகப் பிரித்துக்கொள்ளும்படிதான் வெளியிட்டார்கள். பிரித்த துண்டும் செல்லுபடியான காசு. முழுத் தாளுக்குத்தான் விலை அதிகம், அது உண்மை. அதற்காகச் சேதம் என்று எழுதவேண்டியதில்லை. 2 சதம் என்றே போட்டு, துளைவரிசை தெரியும்படி அந்த ஓரத்தைக் கிட்ட வைத்துப் படம் எடும்.