பிரிட்ஜில் 4 என்று வைத்தும் 30 விநாடி காக்கவைக்கிறது: ஸ்பேனிங் ட்ரீ அமைப்பு

தறிநிழல் கேட்டது:

கரூரில் ஒரு போர்வை ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் புதிய ஜிகாபிட் ஸ்விட்ச். மாடியில் 100 மெகாபிட் பழைய ஸ்விட்ச். லினக்ஸ் சர்வரின் இரண்டு நெட்வொர்க் கார்டுகளும் ஒரே பிரிட்ஜில் (கார்டுகளை ஸ்விட்ச்போல இணைக்கும் மென்பொருள்) உள்ளன. ஒன்றிலிருந்து கீழே கேபிள், மற்றதிலிருந்து மாடிக்கு. ஸ்விட்சுகளுக்கு நடுவிலும் ஒரு கேபிள் உண்டு. எது அறுந்தாலும் பில் போடுவது நிற்கக் கூடாது என்றுதான் இப்படி முக்கோணமாக இழுத்தேன்.

இழுத்த அன்றே எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் துடித்தன. வருகைப் பதிவுக் கருவிவரை எதுவும் வேலை செய்யவில்லை. ஒரு கேபிளைப் பிடுங்கியதும் அடங்கியது. பிறகு, சுழலாகும் பாதையைத் தானே அடைத்துவிடும் ஸ்பேனிங் ட்ரீயை மூன்றிலும் இயக்கிவிட்டு மறுபடி செருகினேன். தரவு சுழன்று பெருகும் அந்தப் புயல் வரவில்லை. ஆனால் சர்வருக்குள் ஓடும் பில்லிங் மெய்நிகர் கணினி ஒவ்வொரு காலையும் முகவரி கிடைக்காமல் 169.254 என்று தானாகவே ஒன்றை வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் பிரிட்ஜில் ஃபார்வர்ட் டிலேயை (போர்ட் திறக்குமுன் ஒவ்வொரு கட்டத்திலும் காக்கும் விநாடிகள்) 15-லிருந்து 4 ஆக்கிப் பார்த்தேன். அதே அரை நிமிடம்தான். பில்லிங்கும் முன்பைவிட மெதுவாக இருக்கிறது. எங்கே தவறு?

வெண்தூண்:

லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டு ஃபார்வர்ட் டிலேயைப் பூஜ்யமாக்குங்கள். என் வீட்டு சர்வரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இரவுப்பணி:

வெளியே ஒரே கேபிள் போகும் வீட்டு சர்வருக்கு அது சரி. இங்கே முக்கோணம் இருக்கிறது. லினக்ஸில் அணைத்தால் சுழலை வெட்டும் பொறுப்பு முழுவதும் ஸ்விட்சுகளின் தலையில் விழும். நாளை ஒருவர் மாடி ஸ்விட்சை மாற்றிவிட்டு ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்தால் அன்றே புயல் திரும்பலாம். அணைக்காதீர்கள்.

தறிநிழல், பிரிட்ஜை நிர்வகிக்கும் பிஆர்சிடிஎல் (brctl) கருவியில் ஷோஎஸ்டிபி (showstp) கொடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். பிரிட்ஜ் ஐடியும் (உங்கள் பிரிட்ஜின் அடையாளம்) டெசிக்னேட்டட் ரூட்டும் (வலைக்குத் தலைமையான பெட்டியின் அடையாளம்) ஒன்றா? ஃபார்வர்ட் டிலே வரியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன எண்?

தறிநிழல்:

ஒன்றல்ல. ரூட் மாடி ஸ்விட்ச். இடப்பக்கம் 15.00, வலப்பக்கம் 4.00. கீழ்த்தளத்துக்குப் போகும் போர்ட் பிளாக்கிங் (அடைப்பு) என்று காட்டுகிறது.

இரவுப்பணி:

விடை அங்கேயே இருக்கிறது. வலப்பக்கம் நீங்கள் வைத்தது. இடப்பக்கம் நடப்பில் இருப்பது. ஸ்பேனிங் ட்ரீயில் ரூட் சொல்லும் கால அளவுதான் எல்லோருக்கும். நீங்கள் ரூட்டாக இல்லாதவரை உங்கள் 4 வெறுமனே கிடக்கும். மெய்நிகர் கணினியின் போர்ட், திறக்குமுன் வரும் லிசனிங் கட்டத்தில் 15 விநாடி, லேர்னிங் கட்டத்தில் 15 விநாடி நிற்கிறது. அதற்குள் அது முகவரி கேட்டு ஓய்ந்துவிடுகிறது.

மூன்றிலும் பிரயாரிட்டி (ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் எண், சிறியதே வெல்லும்) 32768 என்றே இருந்திருக்கும். சமமாக இருந்தால் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) சிறியதாக உள்ளதே ரூட். பழைய கருவிகளுக்குப் பெரும்பாலும் அது சிறியதாக இருக்கும், ஆகவே வலையிலேயே மெதுவான பெட்டி தலைமைக்கு வந்துவிட்டது. பில்லிங் மெதுவானதும் இதனால்தான்: ஜிகாபிட் கேபிள் அடைபட்டு, கீழ்த்தளப் போக்குவரத்து மாடி ஏறி 100 மெகாபிட்டில் இறங்குகிறது.

கீழ்த்தள ஸ்விட்சுக்கு 4096, லினக்ஸுக்கு 8192 வையுங்கள். லினக்ஸை ரூட்டாக்க வேண்டாம். சர்வரை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் மரம் புதிதாக முளைக்கும். பிறகு இரண்டிலும் ஹலோ (ரூட் செய்தி அனுப்பும் இடைவெளி) 2, மேக்ஸ் ஏஜ் (அந்தச் செய்தி செல்லுபடியாகும் காலம்) 6, ஃபார்வர்ட் டிலே 4. ஃபார்வர்ட் டிலேயில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் மேக்ஸ் ஏஜைவிடக் குறையக் கூடாது என்பது விதி. இங்கே 6-க்கு 6, சரியாக நிற்கிறது. மேக்ஸ் ஏஜ் 20, ஃபார்வர்ட் டிலே 15 என்ற இயல்பு மதிப்புகள் ஏழு பிரிட்ஜுகள் தொடராக நிற்கும் வலைக்குக் கணக்கிட்டவை. உங்களிடம் மூன்றுதான்.

அலுவலக நேரத்தில் செய்யாதீர்கள். மாற்றும்போது எல்லா இணைப்புகளும் சிறிது நேரம் நிற்கும்.

தறிநிழல்:

நேற்று இரவு எட்டு மணிக்கு மேல் செய்தேன். இப்போது இரண்டு பக்கமும் 4.00. கீழ்த்தளப் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வந்துவிட்டது. மெய்நிகர் கணினியை ஐந்து முறை தொடங்கிப் பார்த்தேன், ஐந்து முறையும் சரியான முகவரி. சர்வரின் கீழ்த்தளக் கேபிளைப் பிடுங்கினேன். பிங் நின்று, 15 விநாடிக்குள் மாடி வழியாகத் திரும்பியது. மிக்க நன்றி ஐயா. மூன்று பெட்டிகளின் பிரயாரிட்டியையும் எழுதி சர்வர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டேன்.