எட்டு மாதக் குழந்தைக்கு மீன்: மலையில் இருப்பவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

கோத்தகிரி மருமகள்:
நான் தூத்துக்குடிக்காரி, வாழ்க்கைப்பட்டது கோத்தகிரியில். மகளுக்கு எட்டு மாதம். ராகிக்கூழ், பருப்புச் சோறு, முட்டை எல்லாம் சாப்பிடுகிறாள். என் அம்மா தினமும் தொலைபேசியில், "பிள்ளைக்கு இன்னும் மீன் காட்டவில்லையா?" என்கிறார். மாமியாரோ, "இந்தக் குளிருக்குச் சளி கட்டும், முதலில் பல் முளைக்கட்டும்" என்கிறார். இருவருக்கும் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது. என் பயம் வேறு: முள். அதோடு, இங்கே மீன் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர வேண்டும். எந்த மீன், எவ்வளவு, எப்படி?

குன்னூர் ஓய்வுபெற்ற செவிலி:
மகளே, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் முப்பது ஆண்டு ஏறி இறங்கியவள் நான். இந்தச் சளிக் கதையை எத்தனை மாமியார்களிடம் கேட்டிருப்பேன்! சளி கிருமியால் வருகிறது, மீன் பாவம். மசித்த மீனுக்கு ஈறே போதும். ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு மீனும் தரலாம். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று முன்பு நாங்களே சொன்னோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. தோலில் கடுமையான கரப்பான் (எக்சிமா) இருந்தாலோ, வேறு உணவு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் முறை காலையில் கொடுங்கள். இரவில் ஏதாவது ஆனால் மூடுபனியில் வண்டி தேடி அலைய வேண்டும். அன்று வேறு புது உணவு கூடாது. அரைத் தேக்கரண்டி போதும். இரண்டு மணி நேரம் கண் வைத்திருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே 108.

அணை மீன் என்று கட்லாவும் ரோகுவும் வரும். அவற்றின் சதைக்குள் கவட்டை போல மெல்லிய முட்கள் ஒளிந்திருக்கும், கைக்குழந்தைக்கு வேண்டாம். ஜிலேபி மீனில் அந்தக் கவட்டை முள் இல்லை. விலா முள் இருக்கும் வயிற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு முதுகுச் சதையை எடுங்கள். இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு பிரித்தால் கை அவசரப்படும், முள் தப்பும். சன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வோர் இதழாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். அதையே மூன்று சுற்று செய்யுங்கள். பிறகு குழைந்த சோற்றில் பிசையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மீன் வேக அது தாராளம், இரண்டு நிமிடம் கூட வைத்தால் போதும். சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

ஒரு வயது வரை உப்பு சேர்க்காதீர்கள். எனவே கருவாடும் கிடையாது. பால் சுரக்க நீங்கள் சுறாப்புட்டு சாப்பிட்டிருப்பீர்கள். அதைக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள், நீங்களும் அடிக்கடி வேண்டாம். சுறா போல, மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்துவிடும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அந்தக் கவலை குறைவு, முள்தான் வேலை வைக்கும். ஒரு வயதுக்கு மேல் வாரம் இருமுறை, ஒரு தடவைக்கு 30 கிராம் அளவு சரி.

கூடலூர் அப்பா:
செவிலியம்மா சொன்னதோடு ஒன்று. எங்களுக்கு நாடுகாணி வழியாகக் கோழிக்கோட்டு மீன் வரும். போன ஆண்டு ஒரு மாலை, வண்டிக்காரர் ஒருவரிடம் விலை குறைவு என்று அயிலை (கானாங்கெளுத்தி) வாங்கினேன். பெட்டியில் பனிக்கட்டி உருகித் தண்ணீராக நின்றது. பார்த்தும் வாங்கினேன், என் புத்தி. சாப்பிட்ட அரை மணியில் இரண்டு வயது மகனின் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. ஒவ்வாமை என்று பதறி ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வேறு யார் சாப்பிட்டது?" மனைவிக்கும் முகம் சிவந்து தலை வலித்தது. இது ஒவ்வாமை இல்லை, மீன் குளிரில் இல்லாததால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிட்டது என்றார். அது எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, நாற்றமும் காட்டிக்கொடுக்காது. அயிலை, மத்தி, சூரை வகைக்கு இது அதிகம். மருத்துவர் சொன்னபடி பிறகு நல்ல அயிலை கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. அதனால் மீனின் கண்ணையும் செவுளையும் பார்க்கும் முன் பெட்டிக்குள் பனிக்கட்டியைப் பாருங்கள்.

கொடைக்கானல் பாட்டி:
இவ்வளவு பயம் எதற்கு? முள் சிக்கினால் ஒரு சோற்று உருண்டையை விழுங்க வைத்தால் தானே இறங்கிவிடும். நாங்கள் வளர்க்கவில்லையா?

குன்னூர் ஓய்வுபெற்ற செவிலி:
அக்கா, கோபிக்க வேண்டாம். உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும். குழந்தைக்கு மூச்சும் அடைக்கும். விரலைவிட்டுத் துழாவவும் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குமட்டி இருமும் குழந்தைக்கு மூச்சு ஓடுகிறது, பதற வேண்டாம். சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து. ஒரு வயதுக்கு உட்பட்டதானால் முன்கையில் தலை தாழக் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வெளிவராவிட்டால் திருப்பி, மார்பு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யும்போதே ஒருவர் 108 அழைக்க வேண்டும்.

கோத்தகிரி மருமகள்:
செவ்வாய்க்கிழமை காலை கொடுத்தேன். ஜிலேபி, முதுகுத் துண்டு. மூன்றாவது சுற்றில், அதுவும் மாமியார் விரலில், அரை அரிசி நீளத்தில் ஒரு முள் அகப்பட்டது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ போ, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் முதல் வாயைத் துப்பினாள், இரண்டாவதை விழுங்கினாள், மூன்றாவதற்குக் கரண்டியைப் பிடுங்கினாள். தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. நேற்று மறுபடி ஒரு தேக்கரண்டி கொடுத்தோம்.