ஓஎன்டியை எத்தனை நேரம் அணைக்க வேண்டும்? புதிய ரூட்டரில் இணையம் வராத விவகாரம்

மூன்றாம் மாடி:
வணக்கம். ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சென்ற வாரம் இடி விழுந்ததில் பழைய ரூட்டர் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியிலிருந்து கேபிளை எடுத்து ரூட்டரில் வெளி இணைப்புக்கென்று இருக்கும் நீல நிற வேன் (WAN) போர்ட்டில் செருகினேன். கைப்பேசியில் வைஃபை பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்றே காட்டுகிறது. அதே கேபிளை மடிக்கணினியில் செருகினால் இணையம் நன்றாக வருகிறது. இணைப்புக் கொடுத்தவரோ, வெளியில் வாங்கிய ரூட்டருக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார். எதிர்க் கடைக்காரர், "ஓஎன்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னார். அணைத்துப் போட்டேன், சரியாகவில்லை.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
"ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்" என்ற இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை நேரம் என்று சொல்லாமல் அணைக்கச் சொல்பவர், வேளையும் அளவும் சொல்லாமல் கஷாயம் குடிக்கச் சொல்லும் வைத்தியருக்குச் சமம். அம்மா, நீங்கள் செய்த தவறு மடிக்கணினியை முதலில் செருகியது. ஒவ்வொரு வலைக் கருவிக்கும் பன்னிரண்டு இலக்க மேக் முகவரி உண்டு. இணைப்பு தருபவர்களில் பலர், முதலில் கண்ட மேக் முகவரியை வாடிக்கையாளரின் கணக்கோடு பூட்டிவிடுவார்கள். இப்போது உங்கள் மடிக்கணினிதான் அங்கே வீட்டுக்காரர், புதிய ரூட்டர் அந்நியர். வலைக் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று, பேச்சுமூச்சற்றுப் போன மேக் முகவரியை மறப்பதற்கு ஐஇஇஇ 802.1டி தரம் இயல்பாக வைத்திருக்கும் காலம் 300 விநாடி. ஆகவே மோடத்தின் அடாப்டரைச் சுவரிலிருந்தே கழற்றி, முழுதாக ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகு ரூட்டரை மட்டும் இணைத்து இயக்குங்கள். ஐந்து நிமிடம், ஒரு விநாடியும் குறையக் கூடாது.

நள்ளிரவு நிரலர்:
பெரியவர் சொல்லும் 300 விநாடி, எந்த முகவரி எந்தப் போர்ட்டின் பின்னால் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் நினைவில் வைத்திருக்கும் காலம்; யாரை உள்ளே விடுவது என்ற பூட்டு வேறு சமாச்சாரம். பூட்டு உண்மையிலேயே இருந்தால் ஐந்து நிமிடமல்ல, ஐந்து நாள் அணைத்து வைத்தாலும் இணைப்புத் தருபவர் தம் பக்கம் அதை நீக்கும்வரை திறக்காது. ஓஎன்டியின் சொந்த நினைவைத் துடைப்பதற்கோ முப்பது விநாடியே அதிகம். உண்மையான கோளாறு 192.168.1.1 என்ற எண். பெரும்பாலான ஓஎன்டிகள் தமக்கு அந்த முகவரியைத்தான் வைத்துக்கொள்கின்றன. புதிய ரூட்டரும் பெட்டியிலிருந்து வரும்போதே அதே முகவரியோடு வந்திருந்தால், அதற்கு வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமும் ஒரே தெருவாகத் தெரியும், தகவலை எந்தப் பக்கம் அனுப்புவதென்று விளங்காது. ரூட்டரின் உள் முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள், முடிந்தது. 1996ஆம் ஆண்டிலேயே தனிப்பட்ட வலைகளுக்கென்று இவ்வளவு பெரிய எண் தொகுதியை ஒதுக்கிக் கொடுத்த பிறகும் எல்லாரும் அந்த ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் நம் தலையெழுத்து.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
தம்பி, ஸ்ட்ரோஜர் என்ற பழைய வகைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பல்லாயிரம் ரிலேக்களைத் துடைத்து வேலை கற்றவன் நான். கருவி என்பது ஓய்வெடுக்க வேண்டிய பொருள் என்பது புத்தகத்தில் இருக்காது, கைதான் சொல்லும். உங்கள் முப்பது விநாடிக்கு ஏதாவது தரம் இருக்கிறதா? என் ஐந்து நிமிடத்துக்கு 802.1டி இருக்கிறது.

நள்ளிரவு நிரலர்:
எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது; நான் உங்களுக்குத் தம்பி அல்ல. ரிலேவுக்கு ஓய்வு தேவைப்பட்டிருக்கலாம், ஆனால் மின்சாரம் போன நினைவகம் ஓய்வெடுப்பதில்லை, காலியாகிவிடுகிறது.

வடகரை வாத்தியார்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். மூன்றாம் மாடி அவர்களே, மடிக்கணினியை நேராகச் செருகும்போது அதற்கு என்ன ஐபி முகவரி கிடைக்கிறது? ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி என்று என்ன எண் காட்டுகிறது? ஓஎன்டி தானே இணைப்பை ஏற்படுத்துகிறதா, அல்லது பிரிட்ஜ் முறையில் வெறும் பாலமாக மட்டும் இருக்கிறதா என்பது அந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மோடத்தை ஐந்து நிமிடம் அணைத்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி.

காவேரிக்கரை:
முதலில் அதை மோடம் என்று சொல்வதை நிறுத்துங்கள். மோடம் என்பது தொலைபேசிச் செம்புக் கம்பியின் காலத்துப் பொருள். இது ஒளியிழையின் கடைசி முனை. ஓஎன்டியை மோடம் என்றும், ரூட்டரை வைஃபை என்றும், வைஃபையை நெட் என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் எதை அணைக்கச் சொல்கிறோம் என்பதே கேட்பவருக்குப் புரியாது. போன ஆண்டு இன்வெர்ட்டர் வாங்கும் விவகாரத்திலும் இதே பெரியவர், விஏ என்பதையும் வாட்ஸ் என்பதையும் ஒன்றாகப் பேசி எனக்கு 600 விஏ பெட்டியை வாங்க வைத்தார். அது இன்றுவரை மிக்ஸியைப் பார்த்தாலே அலறுகிறது.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
இன்வெர்ட்டரில் மிக்ஸியைப் போடக் கூடாது என்று அன்றைக்கே எழுதியிருந்தேன். படிக்காதது உங்கள் குற்றம். வெளிச்சத்தை மின்சாரமாகவும் மின்சாரத்தை வெளிச்சமாகவும் மாற்றுகிற பெட்டிக்கு மோடம் என்று பெயர் வைத்தால் குடிமுழுகிப் போகாது. இணைப்புக் கொடுக்க வருகிற பையன்களே மோடம் என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்றாம் மாடி:
ஐயா சொன்னபடி அடாப்டரைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து மாட்டினேன். பச்சை விளக்குகள் எல்லாம் வந்தன. இணையம் வரவில்லை.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
கடிகாரம் பார்த்தீர்களா, குத்துமதிப்பா? அந்த ஐந்து நிமிடத்தில் ரூட்டரும் அணைந்திருந்ததா? விளக்குகள் அணைந்த பிறகு எண்ணத் தொடங்கினீர்களா, அடாப்டரைத் தொட்டபோதே எண்ணத் தொடங்கினீர்களா? மறுமுனையில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைப்புக் கொடுக்கும் பிபிபிஓஇ சர்வர் பழைய இணைப்பு செத்துவிட்டது என்று தானாகத் தெரிந்துகொள்ளும்வரை புதிய இணைப்பை ஏற்காது. அதற்கும் அவகாசம் வேண்டும். எனக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் நான்கு நிமிடத்தில் மாட்டியிருப்பீர்கள்.

நள்ளிரவு நிரலர்:
ராகு காலம் கழிந்து மாட்டினாரா, கிழக்கே பார்த்து மாட்டினாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய ரூட்டர் செத்து ஒரு வாரமாகிறது. எந்தச் சர்வர் ஒரு வாரமாக அதற்கு விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறது? அம்மா, முகவரியை 192.168.10.1 என்று மாற்றினீர்களா?

வடகரை வாத்தியார்:
மறுபடியும் கேட்கிறேன். மடிக்கணினியின் ஐபி முகவரி என்ன? ரூட்டரின் வேன் முகவரி என்ன?

மூன்றாம் மாடி:
நேராகச் செருகினால் மடிக்கணினிக்கு 192.168.1.3 கிடைக்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி 0.0.0.0 என்றும், இணைப்பு வகை பிபிபிஓஇ என்றும் இருக்கிறது. முதன்முதலில் அமைக்கும்போது எந்த வகை என்று கேட்டது. மாதச் சந்தா ரசீதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்ததால் அந்த வகையைத் தேர்ந்தெடுத்து அவற்றை எழுதினேன்.

வடகரை வாத்தியார்:
அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மடிக்கணினிக்கு 192.168.1.3 கிடைக்கிறது என்றால், அந்த எண்ணைக் கொடுப்பது உங்கள் வீட்டு ஓஎன்டிதான். அதாவது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையென்றால் அவற்றைச் சொல்லி இணைப்பை வாங்கும் வேலையை ஓஎன்டி ஏற்கெனவே முடித்துவிட்டது. அதன் பின்னால் இருக்கும் புதிய ரூட்டர் மறுபடியும் பிபிபிஓஇ என்று அழைத்துக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல அங்கே எவரும் இல்லாததால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டித் தட்டி 0.0.0.0 என்று நிற்கிறது. இணைப்பு வகையை, ஓஎன்டி தரும் முகவரியை அப்படியே வாங்கிக்கொள்ளும் டைனமிக் ஐபி என்று மாற்றுங்கள். இந்த அமைப்பில் இணைப்புத் தருபவர் பார்ப்பது ஓஎன்டியின் மேக் முகவரியை மட்டுமே. மடிக்கணினியுடையது அவருக்குத் தெரியவே தெரியாது, எனவே மேக் பூட்டுக்கு இங்கே வேலையில்லை. முகவரி மோதலும், ரூட்டருக்கு வேன் முகவரி என்று ஒன்று கிடைத்த பிறகுதான் வர முடியும்.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
மேக் பூட்டுக்கு வேலையில்லை என்றால், ரூட்டர் தயாரிப்பவர்கள் எல்லாரும் இன்னொரு கருவியின் மேக் முகவரியை நகலெடுத்துக்கொள்ளும் 'மேக் குளோன்' என்று ஒரு வசதியை எதற்காக வைத்திருக்கிறார்கள், அழகுக்கா? எங்கள் தெருவில் மொட்டைமாடி ஸ்விட்சிலிருந்து நேராக லேன் கேபிள் இறக்கிக் கொடுக்கிற இணைப்பில், ரூட்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வைத்தியத்தில்தான் எனக்கு இணையம் வந்தது.

நள்ளிரவு நிரலர்:
உங்கள் தெருவில் ஓஎன்டியே இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வாத்தியாருக்கும் ஒரு வார்த்தை: டைனமிக் ஐபி என்று மாற்றிய மறு நொடியே 192.168.1.1 மோதல் தலை தூக்கும், நான் முதலில் சொன்னதுதான் மிஞ்சும். அடிப்படைக் கோளாறு முகவரிதான். இணைப்பு வகை அதன்மேல் விழுந்த போர்வை.

காவேரிக்கரை:
வாத்தியார் சொன்னது எனக்கே புரிகிறது. உங்கள் இருவருக்கும் மட்டும் புரியவில்லை என்றால் அது ரூட்டரின் கோளாறு அல்ல.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
மிக்ஸியை இன்வெர்ட்டரில் போட்டவருக்குப் புரிந்துவிட்டதாம். நல்லது.

மூன்றாம் மாடி:
எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு வகையை டைனமிக் ஐபி என்று மாற்றிச் சேமித்தேன். சேமித்ததும் ரூட்டர், ஏதோ முகவரி மோதுகிறது என்று ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டுத் தன் முகவரியைத் தானே 192.168.0.1 என்று மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கியது. அது தொடங்கி முடிப்பதற்குள் எங்கள் பகுதியில் மின்சாரம் போய், ஓஎன்டியும் ரூட்டரும் இருபது நிமிடம் அணைந்திருந்தன. மின்சாரம் வந்தபோது இணையமும் வந்துவிட்டது. வேன் முகவரி இப்போது 192.168.1.4.

நள்ளிரவு நிரலர்:
முகவரி மோதல் என்று ரூட்டரே வாய் திறந்து சொல்லிவிட்டது. இதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவையில்லை.

வடகரை வாத்தியார்:
வகையை மாற்றிய பிறகுதான் அது வாய் திறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
இருவரும் எதை எதையோ மாற்றச் சொன்னீர்கள், அவரும் மாற்றினார், ஆனால் மாற்றிய கணத்தில் இணையம் வந்ததா? வரவில்லை. மின்சாரம் போய் வந்த பிறகே வந்தது. எத்தனை நேரம் அணைந்திருந்தது? இருபது நிமிடம். இருபது நிமிடத்துக்குள் நான்கு ஐந்து நிமிடங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை இங்கே யாராவது மறுக்க முடியுமா? அம்மா முன்பு அணைத்தபோது ஐந்து நிமிடம் நிறையவில்லை என்று நான் எழுதியது இப்போது நிரூபணமாகிவிட்டது. மின்வாரியம் செய்த உபகாரத்தை நீங்கள் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள்.

நள்ளிரவு நிரலர்:
இருபது நிமிடத்துக்குள் நாற்பது முப்பது விநாடிகளும் அடங்கியிருக்கின்றன. மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் ரூட்டர் தொடங்கி முடிந்ததுமே இணையம் வந்திருக்கும்.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
வந்திருக்கும், போயிருக்கும் என்ற பேச்செல்லாம் எக்ஸ்சேஞ்சில் எடுபடாது. சோதித்துப் பார்த்துவிடலாம். அந்த ரூட்டரில் மறுபடியும் பிபிபிஓஇ வகையைப் போட்டு, மடிக்கணினியைச் செருகி எடுத்து, முதலில் முப்பது விநாடி அணைத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் அணைத்துப் பார்ப்போம். கடிகாரத்தை நானே கொண்டு வருகிறேன். அம்மா மண்டபம் பக்கம் எனக்கு உறவினர் வீடு இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை காலை வசதிப்படுமா?

மூன்றாம் மாடி:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்கு இணையவழியில் தேர்வு இருக்கிறது. தயவுசெய்து வேறு யார் வீட்டு ரூட்டரிலாவது சோதித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்ச்காரர்:
தேர்வு எத்தனை மணிக்கு முடிகிறது?