புதுப்பிப்பு: டேப்லெட்டில் பிடிஎஃப் இதழ்கள், பொடி எழுத்துச் சிக்கல்
8 அங்குல டேப்லெட்டில் பிடிஎஃப் இதழ்களின் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஓரளவு தீர்ந்துவிட்டது. ஏ4 பக்கத்தின் மூலைவிட்டம் 14 அங்குலத்துக்கும் மேல். அதை 8 அங்குலத்தில் அடைத்தால் எழுத்து கிட்டத்தட்டப் பாதியாகத்தான் சுருங்கும். நீங்கள் சொன்னபடி செயலியில் ஓர வெள்ளையை வெட்டிவிட்டு, டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். அரைப் பக்கம்தான் தெரிகிறது, ஆனால் கண்ணை இடுக்க வேண்டியதில்லை. பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்திகளாகப் பிரித்த இதழ்களில் மட்டும் கீழே போய்விட்டு மறுபடி மேலே இழுக்க வேண்டும். எரிச்சல்தான்!

ஈபப் என்ற மின்னூல் வடிவில் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும். படக்கதைக்கு பிடிஎஃப்பே சரி. அப்புறம், ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் சொல் தேடல் வேண்டுமென்றால் முதலில் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள்) ஓட்ட வேண்டும்.