13 வயது, 147 செ.மீ.: ஜீன் டெஸ்ட் பார்த்து ஸ்பிரிண்டில் விடலாமா?

தடகளம்14:
அண்டர்-14இல் ஒரு பையன். உயரம் 147 செ.மீ., அப்பா 170, அம்மா 157. ஸ்டார்ட், கை வீச்சு எல்லாம் சுத்தம். ஆனால் 100 மீட்டரில் கடைசிக்கு முந்தி. எச்சிலை அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்தால் ஸ்பிரிண்டுக்கு ஆவானா என்று தெரிந்துவிடுமாம். எடுக்கலாமா சார்?

முள்ஷூ:
காசு வீண். அதில் முக்கியமாகப் பார்ப்பது ஏசிடிஎன்3 மரபணு. வேகத் தசையில் அது தரும் புரதம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கிடையாது. பெரிய ஸ்பிரிண்டர்களில் அப்படிப்பட்டவர் அபூர்வம். ஆனால் புரதம் உள்ள மற்ற நாலு பேரில் யார் ஓடுவான்? அதை டெஸ்ட் சொல்லாது. உயரத்துக்கு மட்டுமே 12,000க்கு மேற்பட்ட மரபு வேறுபாடுகளை 2022இல் கணக்கெடுத்திருக்கிறார்கள். வேகம் ஒற்றை மரபணுவிலா அடங்கும்?

பருவத்தைப் பாருங்கள். வளர்ந்து முடித்தபின் அவன் எட்டக்கூடிய உயரத்துக்கு ஒரு சூத்திரம்: அப்பா, அம்மா உயரத்தோடு ஆண்பிள்ளைக்கு 13 செ.மீ. கூட்டிப் பாதியாக்கணும். (170+157+13)÷2 = 170. அதில் 147 என்பது 86 சதவீதம். பையன்கள் விறுவிறுவென வளரும் உச்சம் 91-92 சதவீதத்தில், சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். இவனுக்கு இன்னும் வரவில்லை. மீசை முளைத்தவனோடு ஓடுகிறான், அவ்வளவுதான்.

அளவுநாடா:
கணக்கு சரி, நம்பிக்கை அதிகம். அந்தச் சூத்திரம் 8 செ.மீ. முன்பின் தவறும். 162 என்றால் பையன் 91 சதவீதத்தில் நிற்கிறான். 178 என்றால் 83. ஆகவே அளந்துகொண்டே வாருங்கள்: 3 மாதத்துக்கு ஒருமுறை, வெறுங்காலில், குதிகால் சுவரோடு ஒட்டி, இரண்டு தடவை. எப்போதும் காலையில், மாலைக்குள் முதுகெலும்பு அழுந்தி 1 செ.மீ. வரை குறையும். மாதாமாதம் அளந்து 12ஆல் பெருக்காதீர்கள், அரை செ.மீ. பிசகு 6 செ.மீ. ஆகிவிடும். உயரம் ஏறும் வேகம் ஆண்டுக்கு 5 செ.மீ.யிலிருந்து 7ஐத் தாண்டினால் உச்சம் நெருங்குகிறது. அப்போது தாண்டல், மேடேறும் ஓட்டம் இரண்டையும் குறையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து, தொட்டால் வலிக்கிறதா? தசைநாண் பற்றும் இடம் அங்கே இன்னும் குருத்தெலும்புதான்; இழுவை தாங்காது. 'வளர்ற வலி' என்று ஓட வைக்காதீர்கள்.

தடகளம்14:
மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தால்?

முள்ஷூ:
கிரிக்கெட்டில் வயது மோசடி பிடிக்க எடுப்பதுதான். அது எலும்பின் வயது; பிறந்த தேதி அல்ல. சீக்கிரம் பருவமடைந்த நேர்மையான பையனும் மாட்டுவான். செலக்‌ஷனுக்குத் தேவையில்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள் மாதிரி, அவ்வப்போது எட்டக்கூடிய உயரத்தில் 85-90 சதவீதத்தில் நிற்பவர்களைத் தனியாக ஓடவிட்டு நேரம் குறியுங்கள். உங்கள் பையன் அங்கே எத்தனையாவது வருகிறான் என்று எழுதுங்கள்.