மதிலுக்கு மணல் ஏற்றிய பெடியன்

பரந்தன் பக்கமிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

"சமுதாயம் கெட்டுப்போச்சு" என்று எங்கள் சபையில் ஞாயிறுக்கு ஞாயிறு யாராவது ஒருவர் சொல்லுவார். நானும் சொல்லியிருக்கிறேன். ஐஸ் என்கிற போதைப்பொருள், கசிப்புச் சாராயம், கஞ்சா, வாள்வெட்டு, போனை விட்டுத் தலை நிமிராத பிள்ளைகள். ஆனால் போன வருசம் ஒரு பெடியனைச் சந்தித்த பிறகு அந்த வசனம் எனக்கு வாயில் வருகுதில்லை. அதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கோ.

எங்கள் சபைக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறவன், பத்தொன்பது வயது. தாயின் தண்ணீர் மோட்டரைக் கழற்றி விற்றுவிட்டான் என்று ஊருக்கே தெரியும். அதற்கு முதல் சைக்கிள், அதற்கும் முதல் தாயின் தோடு. "அந்த வீட்டுப் பக்கம் பிள்ளையளை விடாதேங்கோ" என்று சபையில் கதை. தாய் ஆராதனைக்கு வந்தால் பின் வாங்கில் இருந்துவிட்டுக் கடைசிப் பாட்டு முடிய முதலே எழும்பிப் போய்விடுவா. ஒருத்தரும் மறித்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நானும் கதைக்கவில்லை.

ஒருநாள் அவவே என்னைத் தேடி வந்தா. "ரீச்சர், உங்களிட்டப் படிச்சவன்தானே. ஒருக்கா வந்து புத்தி சொல்லுங்கோ." வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். எந்த அதிகாரம் வாசிப்பது என்றுகூட வழியில் யோசித்து வைத்தேன். அவன் விறாந்தையில் குந்தியிருந்தான். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது. நித்திரை கொண்டு எத்தனை நாள் என்று கேட்டேன். "மூண்டு நாள் இருக்கும் ரீச்சர்."

பிறகு அவனாகவே சொன்னான். ஓ.எல். சோதனை எடுத்துவிட்டு வேலை தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை. இரவில் மணல் ஏற்றப் போனான். ஆற்றுக்குள் உழவு இயந்திரத்தை இறக்கி, விடிய முதல் நாலு லோட் ஏற்றவேண்டும். பொலிஸ் வந்தால் இருட்டுக்குள் ஓடவேண்டும். முழித்திருக்கவும் பயம் தெரியாமல் இருக்கவும் கூட வந்த ஒருத்தன் கொடுத்ததுதான் ஐஸ். பசிக்காது, நித்திரை வராது, பயம் வராது. அது கிடைக்காத நாளில் மூன்றும் சேர்ந்து வரும்.

"இந்தக் கள்ளத் தொழிலை விடன் தம்பி" என்றேன். அவன் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகத்தான் சொன்னான்: "ரீச்சர், உங்கட சேர்ச் மதிலுக்கும் நான்தான் ஏத்தினனான். ரெண்டு மணிபோல வந்து பின்வளவுக்குள்ள பறிச்சனாங்கள்."

அந்த மதில் கட்டின கணக்கு எனக்குத் தெரியும். கமிற்றியில் நானும் இருந்தேன். அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலைவிட மலிவாக ஓரிடத்தில் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். கர்த்தர் காட்டிய வழி என்று ஸ்தோத்திரமும் பண்ணினோம். மதில் எதற்கு? பின் ஒழுங்கைப் பெடியள் களவெடுக்கிறாங்கள் என்றுதான். அவர்களை வெளியே வைக்கக் கட்டின மதிலுக்கு அவர்களில் ஒருவன் நித்திரையை விற்று மணல் ஏற்றியிருக்கிறான்.

கொண்டுபோன வேதாகமத்தை நான் திறக்கவில்லை. தாயிடம் சொல்லிப் புட்டும் மீன் குழம்பும் எடுப்பித்து, அவன் நாலு வாய் சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தேன். "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியை நினைத்தேன். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிட்டுப் படுக்க விட்டான். எழுப்பி இரண்டாம் தரமும் சாப்பாடு கொடுத்த பிறகுதான் பயணம்.

"அக்கிரமம் மிகுதியாவதினால் அநேகருடைய அன்பு தணிந்துபோம்" என்று மத்தேயு 24:12 சொல்கிறது. இத்தனை வருசமும் அந்த வசனத்தின் முதல் பாதியைத்தான் நான் படிப்பித்திருக்கிறேன். தணிந்துபோனது என்னுடைய அன்பு என்று ஒருநாளும் வாசித்ததில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய்

ரீச்சர், வாசிச்சுப்போட்டுக் கனநேரம் அழுதன். நானும் எழுதிறன்.

எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டம் கிடைச்சது. ஐந்தரை லட்சம், கட்டம் கட்டமாத் தந்தவை. சாமான் விற்ற விலைக்கு அது காணேல்ல. கூரைக்கு நுண்கடன் எடுத்தன். அஞ்சு பொம்பிளையள் ஒரு குழு. ஒராள் கட்டாட்டி மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்டவேணும். அந்த நாலு பேரும் ஆர் தெரியுமோ? யுத்தம் முடிய எங்களை வச்சிருந்த மெனிக் பாம் முகாமில பக்கத்துப் பக்கத்துத் தறப்பாளுக்குள்ள இருந்த ஆக்கள். நான் பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டால் என்ர மூத்த பிள்ளையைத் தூக்கி வச்சிருந்தவை. ஒரு பால்மா பைக்கற்றை மூண்டு குடும்பத்துக்குப் பிரிச்சனாங்கள். அதே ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா என்ர விறாந்தையில வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தினம். அவையைக் குறை சொல்லேலாது. நான் கட்டாட்டி அவையின்ர அடுப்பு எரியாது.

ஒரு கடனைக் கட்ட இன்னொண்டு, அதைக் கட்ட மூண்டாவது. 2018இல வரட்சி மாவட்டத்துப் பொம்பிளையளின்ர கடனைத் தள்ளுபடி செய்யப்போறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்குத்தான். எனக்கு அது எப்பவோ தாண்டியிட்டுது.

புதன்கிழமை கடன் சேர்க்க வாற தம்பியின்ர மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் வயித்தைக் கலக்கும். ஓடிப்போய் கிணத்தடிக்குப் பின்னால ஒளிப்பன். "அம்மா இல்லையெண்டு சொல்லு" எண்டு சின்னவளை முன்னுக்கு விடுவன். அவளுக்கு எட்டு வயசு, முதல் நன்மைக்கு, முதல் தரம் நற்கருணை வாங்க, ஆயத்தம். பாதரிட்டப் பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்கு முதல்நாள் இரவு கொப்பியில தன்ர பாவங்களை எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "அம்மா, நீங்கள் சொல்லச்சொன்ன பொய்யை என்ர பாவத்துக்குள்ள எழுதிறதோ, உங்கட பாவத்துக்குள்ள எழுதிறதோ?"

அடுத்தநாள் அவளுக்குப் பின்னால நானும் வரிசையில நிண்டன். எத்தினை வருசத்துக்குப் பிறகு! பாதர் புத்திமதி ஒண்டும் சொல்லேல்ல. பூசை முடிய வெளிய வந்து, எவ்வளவு கடன், ஆருக்கு ஆருக்கு எண்டு கடுதாசியில எழுதுவிச்சார். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில ஒராளிட்டக் கூட்டிக்கொண்டு போனார். அங்க சிறுகச் சேர்த்து, சிறுக எடுத்து, ஒவ்வொண்டா அடைச்சன். கடன் சேர்க்கிற தம்பிக்கு முன்னால போய் நிண்டு, "இனி ஒளிக்கமாட்டன், இவ்வளவுதான் தரலாம்" எண்டு சொல்ல எனக்கு ஒரு மாசம் எடுத்தது.

குழுவில ஒரு அக்கா இன்னும் என்னோட கதைக்கிறேல்ல. நான்தான் போகவேணும்.

வவுனியாவிலிருந்து ஒரு தகப்பன்

ரீச்சர்மேல் மரியாதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிழை செய்யும் ஒவ்வொருவனுக்குப் பின்னாலும் ஒரு கஷ்டம் இருக்கிறது என்று பேசத் தொடங்கினால், பாவம் என்ற சொல்லை எங்கே வைப்பது?

என் மகள் ஏ.எல். படிக்கிறாள். அவளுடைய படத்தை எடுத்து, அசிங்கமாக மாற்றி வாட்சப்பில் பரப்பினார்கள். செய்த இரண்டு பேரும் பசியில் செய்யவில்லை, நித்திரை முழிக்கவும் செய்யவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள். எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் கிற்றார் வாசிக்கிறவர்கள். மகள் இரண்டு மாதம் ரியூசனுக்குப் போகவில்லை. அவள் அறைக் கதவைச் சாத்தினால் எங்களுக்கு நெஞ்சு பதைக்கும். என் மனைவி கதவடியில் பாய் போட்டுப் படுத்தா.

மூப்பர் ஒருவர் வந்து, "மன்னிச்சு விடுங்கோ, வெளியில போனால் சபைக்குத்தான் பேர் கெடும்" என்றார். எனக்கு அன்றுதான் உடம்பெல்லாம் எரிந்தது. மன்னிப்பு என் மகள் கொடுக்கவேண்டியது. அவளைக் கேட்காமல் அதை எடுத்துக் கொடுக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. தாவீது ராசாவின் பாவத்தைச் சொல்ல அவனுக்கு முன்னால் போன நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குப் பேர் கெடும் என்று பார்க்கவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொன்னான். அப்படிச் சொன்ன பிறகுதான் தாவீதுக்கு அழுகை வந்தது.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். சிலர் எங்களோடு பேச்சை விட்டார்கள். ஒரு பெடியனின் தாய் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தா. அவன் மகளுக்கு முன்னால் நின்று, தான் என்ன செய்தான் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். மற்றவனின் குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. மகள் இப்போது படிக்கப் போகிறாள். அந்தப் பெடியனுக்கு அவள் என்ன மறுமொழி சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ரீச்சர், அந்த மணல் விசயத்தில் உங்கள் கமிற்றிக்கும் யாராவது நாத்தானாகப் போகவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி

சுருக்கமா ஒண்டு. என்ர அக்கா 2009இல கடைசி யுத்தத்தில மாத்தளனில தன்ர கைக்குழந்தையை இழந்தவ. வெள்ள நிவாரணத்துக்கு வாற ஹெலி சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழ போயிடுவா. ஆஸ்பத்திரியில மருந்து எடுத்து, ஓரளவு நித்திரை கொண்டு, சமைச்சுச் சாப்பிடுற அளவுக்கு வந்திருந்தா. ஒரு செபக் கூட்டத்தில, "குளிசை போடுறது அவிசுவாசம்" எண்டு சொல்லிப்போட்டினம். நிப்பாட்டினா. மூண்டு கிழமையில திரும்பக் கட்டிலுக்குக் கீழ. இந்த முறை, "ஆண்டவர் என்னை விட்டிட்டார்" எண்ட பயமும் சேர்ந்து வந்தது. முதல் இருந்த பயத்தைவிட அது பொல்லாதது.

திரும்பக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். பவுலின்ர பிரியமான கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியர்தானே எண்டு சொல்லித்தான் சம்மதிக்க வச்சன். இப்ப கலண்டரில கிளினிக் நாளையும் கோயில் நாளையும் ஒரே சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறா. இப்படிக் கஷ்டப்படுற ஆக்கள் வீட்டில இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 எண்ட இலக்கத்துக்கு எடுக்கலாம். கவலைப்படாதே எண்டு வசனம் சொல்லிப்போட்டுக் கைகழுவாதேங்கோ.

இரணைமாதாநகரிலிருந்து ஒரு கடற்தொழிலாளி

2018 ஏப்ரல் 23, நாங்கள் வள்ளங்களில வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு இரணைதீவுக்குப் போன நாள். 1992இல யுத்தத்தால விட்டிட்டு வந்த எங்கட சொந்த மண். அங்க இருந்த நேவி என்ன செய்யுமோ எண்டு ஆருக்கும் தெரியாது. ஆனா ஒருத்தரும் தனிய இல்லை. பயம் இருந்தது, ஆளை விழுத்தேல்ல. இறங்கினதும் கோயிலடிக்குத்தான் போனம்.

2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவிலயிருந்து ஒரேயடியா 340 ரூபாவுக்குப் போனது. அப்ப வந்த பயம் வேற. ஒவ்வொருத்தனும் தன்ர வீட்டுக்குள்ள இருந்து தனியப் பயந்தான். களவா வெடி போட்டு மீன் பிடிக்கிற கதை அப்பதான் எங்கட பெடியளுக்குள்ளயும் அடிபட்டது. என்ர மகனும் கேட்டான். நான் அடிக்கேல்ல, ஏசேல்ல. பக்கத்து ரெண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மூண்டு வள்ளத்தின்ர எண்ணெயை ஒண்டில ஊத்தி, மூண்டு பேருமாப் போனம். மீன்பாடு குறைவு. மகன் வெடிக்குப் போகேல்ல.

பரந்தன் ஆசிரியை, மறுபடியும்

வவுனியா ஐயா எழுதியதை இரண்டு நாள் வைத்து வைத்து வாசித்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் பெடியனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு என் மனதை ஆற்றிக்கொண்டேனே தவிர, எங்கள் பாவத்துக்குப் பெயர் சொல்லவில்லை. அவனுக்கும் சொல்லவில்லை. தாயின் மோட்டர் தாயின் மோட்டர்தான்.

போன மாதம் கமிற்றியில் எழும்பி மணல் கதையைச் சொன்னேன். "பழைய கதையைக் கிண்டாதேங்கோ ரீச்சர்" என்று ஒருவர் எழும்பிப் போய்விட்டார். இந்த ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. அவரைப் போய்ப் பார்க்கவேண்டும். மற்றவர்கள் கனநேரம் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் போதகர், மலிவாக எடுத்ததில் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று கணக்குக் கொப்பியை எடுப்பித்தார். அந்தக் காசில் தாய்க்கு ஒரு மோட்டர் வாங்குவது என்று முடிவு. பெடியன் கிழமைக்கு இரண்டு நாள் சபை வளவில் பகல் வேலை செய்து அதில் ஒரு பங்கைத் தானும் கட்டுவதாக ஒத்துக்கொண்டான். இரண்டு கிழமை வந்தான். மூன்றாவது கிழமை வரவில்லை. நான் போனேன், திரும்ப எடுத்திருக்கிறான், அழுதான். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக நாள் எடுத்திருக்கிறோம். தாய் இப்போது முன் வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறா.

இன்னுமொன்று. மதில் வர முதல் பின் ஒழுங்கை ஆட்கள், சைவ ஆட்களும்தான், எங்கள் வளவுக்குள்ளால்தான் ஏ9 வீதிக்கு நடந்தவை. கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள்ளால் புகுந்து வருகிறபோது நான் எத்தனை பேரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்! மதில் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளில் ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.

பின் மதிலை உடைத்து ஒரு கேற் வைக்கக் கமிற்றி சம்மதித்திருக்கிறது. இரவில் பூட்டவேண்டும், சாவி சபையில் இருக்கவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டே வேண்டாம் என்று நான் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை திரும்பக் கூட்டம்.